புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்தில் கணினி சர்வீஸ் தொழில் செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. விண்டோஸ் 11 உடன் வரும் புது லேப்டாப்பை வாங்கிய கையோடு, "இது வேண்டாம், பழைய விண்டோஸ் பத்தையே போட்டுக் கொடுங்க" என்று கேட்பது டெல்டாவில் வழக்கமாகிவிட்டது. அரிசி ஆலை, உரக்கடை, அடகுக்கடை, டிடிபி கடை, கல்லூரி மாணவர்கள் என எல்லாத் தரப்பிலும் கேட்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு, உட்கார்ந்த இடத்திலேயே அழித்துப் போட்டுக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மாற்றத் தேவையே இல்லாதவை என்பது எங்கள் உறுதியான கருத்து. மாற்றியே தீர வேண்டிய சிலவற்றிலும் வரிசை தவறிச் செய்வதால், காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸ் போகிறது, வைஃபை போகிறது, சில நேரம் மொத்த டேட்டாவும் போகிறது.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறோம். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தது. அதற்கும் கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். இன்று புது லேப்டாப்பில் 10 போட்டு வாங்கிச் செல்பவர்களில் இதைப் பதிவு செய்பவர்கள் அரிது. அப்டேட் இல்லாத கணினியில்தான் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிறார்கள்.

சரி, எதற்காகப் பழையதைக் கேட்கிறார்கள்? காரணத்தைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் பக்கத்தில் அதிகம் வருவது அரிசி ஆலை எடை மேடை. மேடையின் இண்டிகேட்டரிலிருந்து (எடை எண்ணைக் காட்டும் பெட்டி) ஒன்பது முள் சீரியல் கேபிள் வரும். லேப்டாப்பில் அந்தச் சொருகி கிடையாது, ஆகவே யுஎஸ்பி கன்வெர்ட்டர் போடுவார்கள். பழைய கணினியில் ஓடிய அதே கன்வெர்ட்டரைப் புதியதில் சொருகினால் எடை வராது. "விண்டோஸ் 11-ல எடை வராதாம்" என்று முடிவு கட்டி லேப்டாப்பை அழித்துவிடுகிறார்கள். கணினியில் உள்ள கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் என்ற வரியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்து, பக்கத்தில் பிஎல்2303 என்று தொடங்கி, இது விண்டோஸ் 11-க்கு ஆகாது, விற்றவரைக் கேளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், கோளாறு கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப்பில். ப்ரொலிஃபிக் நிறுவனத்தின் பழைய பிஎல்2303டிஏ வகைச் சிப்புக்கு 11-இல் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஆதரவு இல்லை. அதற்கும் முந்தைய எச்எக்ஸ்ஏ வகைக்கு விண்டோஸ் 8-இலிருந்தே இல்லை. அதாவது எச்எக்ஸ்ஏ வைத்திருப்பவர் 10-க்கு இறங்கினாலும், புது டிரைவர் ஏறிய அன்று மறுபடி எடை நின்றுவிடும். எஃப்டிடிஐ, சிஎச்340 அல்லது பிஎல்2303ஜிசி சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்கினால் தீர்ந்தது. லேப்டாப்பை அழிக்கக் கொடுக்கும் கூலியிலேயே சிஎச்340 வகை வந்துவிடும்.

மாற்றிய பிறகும் எடை வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். புது கன்வெர்ட்டருக்கு விண்டோஸ் பெரும்பாலும் காம் 5, காம் 7 என்று ஏதாவது எண் கொடுக்கும். பழைய எடை மென்பொருள் பல காம் 1 முதல் 4 வரைதான் பார்க்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், காலியாக இருக்கும் எண்ணாகப் பார்த்து மாற்றுங்கள். அடுத்தது வேகம். இண்டிகேட்டர் 2400-இல் அனுப்ப, மென்பொருள் 9600-இல் கேட்டால் எண்களுக்குப் பதில் குப்பை எழுத்து வரும். இண்டிகேட்டரின் செட்டப்பில் என்ன வேகம் இருக்கிறதோ அதையே மென்பொருளிலும் வைக்க வேண்டும். தை மாதம் சம்பா நெல் லாரிகள் வரிசையில் நிற்கும்போது இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. புது லேப்டாப் வாங்கியவர்கள் அறுவடைக்கு முன்பே ஒரு முறை சொருகி எடை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து அடகுக்கடை, உரக்கடைகளில் இன்னும் ஓடும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு. இவை 16 பிட் சூழலுக்கு எழுதியவை. 64 பிட் விண்டோஸ் எதிலும் நேரடியாக ஓடாது. 7 ஆனாலும் 10 ஆனாலும் 64 பிட் என்றால் அதே கதைதான். 32 பிட் விண்டோஸ் 10-இல் மட்டும் ஓட்டலாம். ஆனால் இன்றைய லேப்டாப்புகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) லெகசி பூட் என்ற பழைய தொடக்க முறை இல்லை, யுஇஎஃப்ஐ என்ற புது முறைதான் உண்டு. 64 பிட் யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள கணினியில் 32 பிட் விண்டோஸ் பூட் ஆகாது. ஆக, இந்தக் காரணத்துக்காக 10-க்கு இறங்குவதில் பத்து பைசா பயன் கிடையாது. 11-இலேயே, பழைய டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஃபாக்ஸ்ப்ரோ ஃபோல்டரை அதற்குள் சி டிரைவாக மவுண்ட் செய்தால் ஓடும். பிரிண்டருக்கு எல்பிடி1 (பழைய பிரிண்டர் போர்ட்) அமைப்பையும் அதிலேயே செய்யலாம். பழைய ஹார்டுவேர் லாக் (திருட்டு நகலைத் தடுக்கக் கணினியில் சொருகும் சிறு கருவி) போட்ட மென்பொருளாக இருந்தால், கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் உரிமம் உள்ள பழைய 32 பிட் விண்டோஸை நிறுவி, யுஎஸ்பி லாக்கை அதற்குள் திருப்பிவிடலாம். லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தால் இதற்கு 2 ஜிபி ஒதுக்கினால் போதும். ஒரு நிபந்தனை: அந்தப் பழைய விண்டோஸின் நெட்வொர்க் அடாப்டரை நிறுத்தி வையுங்கள். இணையத்துக்கு வெளியே அது பத்திரமாக இருக்கும்.

டிடிபி கடைக்காரர்களின் புகார் வேறு. பாமினி, வானவில் எழுத்துருக்களை நிறுவியும் பேஜ்மேக்கர் பட்டியலில் காணவில்லை என்கிறார்கள். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-இலேயே இது தொடங்கிவிட்டது. எழுத்துருவை வெறுமனே இன்ஸ்டால் என்று அழுத்தினால், அந்தப் பயனாளரின் சொந்த ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய மென்பொருள்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எழுத்துருக் கோப்பில் ரைட் கிளிக் செய்து, இன்ஸ்டால் ஃபார் ஆல் யூஸர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 11-இன் சுருக்க மெனுவில் அது தெரியாவிட்டால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் அழுத்தினால் வரும். பேஜ்மேக்கர் 7 என்பது 32 பிட் மென்பொருள். கம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி என்று வைத்து 11-இலும் ஓட்டலாம். டீஃபால்ட் பிரிண்டர் ஒன்று இல்லாமல் அது தகராறு செய்யும். ஆகவே டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, ஒரு பிரிண்டரை நிலையாக வையுங்கள்.

மற்றவை சில்லறை விஷயம். எந்த மென்பொருளையும் நிறுவ விடவில்லை, ஸ்டோருக்குப் போ என்கிறது என்றால், அந்த லேப்டாப் எஸ் மோடில் வந்திருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போய் இலவசமாக வெளியேறலாம், திரும்ப உள்ளே போக முடியாது. ஹார்டுவேர் லாக்கின் டிரைவர் ஏறவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசலேஷனுக்குள் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி தடுக்கிறதா என்று பாருங்கள். லாக் நிறுவனத்தின் புது டிரைவர் கிடைத்தால் அதைப் போடுவதே சரியான வழி. பழைய அரசுத் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேட்கிறது என்றால், எட்ஜ் பிரவுசரிலேயே ஐஇ மோட் உண்டு. ஒருமுறை சேர்த்த முகவரி 30 நாள் நிற்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பக்கத்து மேசைக் கணினியின் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், அங்கே பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் செய்திருப்பார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அதை ஏற்காது. அந்தக் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு யூஸரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழையுங்கள். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பது பிடிக்கவில்லை என்பதற்காகவும் லேப்டாப்பை அழிக்கச் சொல்கிறார்கள். டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட் லெஃப்ட் என்று வைத்தால் இடது பக்கம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் 10 தான் வேண்டும் என்றால், உரிமத்தைப் பாருங்கள். 11 ப்ரோ உடன் வந்த லேப்டாப்புக்கு 10 ப்ரோ போட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை கிடையாது. பிறகு, லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து டிரைவர் பக்கத்தைத் திறந்து, இயங்குதளப் பட்டியலில் விண்டோஸ் 10 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்பில் முயற்சியே வேண்டாம். இன்டெலின் 12-ஆம் தலைமுறை முதல் பல சிப்களில் பெரிய கோர், சிறிய கோர் என இரண்டு வகை உண்டு. எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று சிப் சொல்லும் குறிப்பைக் கேட்டு நடக்க 11-க்குத்தான் தெரியும். 10 போட்டால் வேகம் கூடும் என்று நம்பி மாற்றுபவர்கள் இதை அறிய வேண்டும்.

அழிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, என்கிரிப்ஷன். புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும், ஹோம் பதிப்பாக இருந்தாலும், டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வது இப்போது சாதாரணம். இது தெரியாமல் பயாஸில் ஒன்றை மாற்றினால், அடுத்த பூட்டில் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ, லேப்டாப்பைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைசஸ் பக்கத்தில் இருக்கும். பல பேருக்கு அந்தக் கணக்கே தெரியாது, கடையில் யாரோ ஒரு மெயில் முகவரியைப் போட்டுத் திறந்து கொடுத்திருப்பார்கள். கீ இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பதை எவராலும் மீட்க முடியாது. ஆகவே முதலில் கீயைக் காகிதத்தில் எழுதுங்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்தி, முழுவதும் திறந்து முடியும்வரை காத்திருங்கள்.

லேப்டாப்புடன் வந்த ஆஃபீஸ், உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். வேர்டைத் திறந்து, சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஆக்டிவேட் செய்துவிட்டால், அது அந்தக் கணக்கோடு இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கலாம். செய்யாமல் அழித்துவிட்டு, பிறகு "ஆஃபீஸ் எங்கே?" என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்புகளை நகல் எடுக்கும்போது மேகச் சின்னம் போட்டவற்றைக் கவனியுங்கள். அவை ஒன்டிரைவில் மட்டும் உள்ளவை, டிஸ்க்கில் இல்லை.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெய்ல்ஸில் ஹார்டுவேர் ஐடியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். 8086 என்றால் இன்டெல், 14சி3 என்றால் மீடியாடெக், 10இசி என்றால் ரியல்டெக். அதற்கான விண்டோஸ் 10 டிரைவரை இப்போதே பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே இணையம் வந்துவிடும்.

விண்டோஸ் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சுமார் 6 ஜிபி வரும். தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி மொபைல் டேட்டாவில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது கஷ்டம்தான், புரிகிறது. அதனால்தான் கைக்குக் கை மாறும் "லைட்" காப்பிகள் இங்கே புழங்குகின்றன. அவற்றில் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை வெட்டி எறிந்திருப்பார்கள், ஆக்டிவேட்டர் என்ற பெயரில் எதையாவது நுழைத்திருப்பார்கள். நல்ல இணைப்பு உள்ள கடையில் அசல் கோப்பை இறக்கித் தரச் சொல்லுங்கள்.

இனி, பலரும் முட்டி நிற்கும் இடம். பென்டிரைவில் பூட் செய்தால் (எச்பியில் எஃப்9, டெல், லெனோவா, ஏசரில் எஃப்12, ஆசுஸில் எஸ்கேப்) நிறுவல் தொடங்கும், ஆனால் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் இருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் 10 நிறுவலுக்குள் இல்லை. இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை பென்டிரைவில் வைத்து, லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் தெரியும். இங்கே நடக்கும் பிழை ஒன்று உண்டு: இறக்கிய செட்டப் கோப்பை அப்படியே பென்டிரைவில் போடுவார்கள். நிறுவல் அதைப் படிக்காது, அதற்கு ஐஎன்எஃப் கோப்பு வேண்டும். வேறு கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் செட்டப்ஆர்எஸ்டி கோப்பின் பெயருக்குப் பின் ஒரு கோடு போட்டு எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்று சேர்த்தெழுதி, ஃபோல்டர் பெயரையும் கொடுத்தால் உள்ளிருப்பவை பிரிந்து வரும். அந்த ஃபோல்டரை பென்டிரைவுக்கு மாற்றுங்கள்.

பயாஸில் விஎம்டியையே அணைப்பது இன்னொரு வழி. ஏசரில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலுடன் எஸ் அழுத்தினால்தான் அந்த வரியே தெரியும். அணைத்துவிட்டால், டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் 11 பூட் ஆகாது. மனம் மாறினால் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம். டச்பேட் இந்தக் கட்டத்தில் வேலை செய்யாமல் இருப்பதும் இயல்பு, ஒரு யுஎஸ்பி மவுஸ் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாத ஊர் நம்முடையது. பேட்டரி பாதிக்கு மேல் ஏறாமல், அடாப்டர் சொருகாமல் பயாஸ் அப்டேட்டில் கை வைக்காதீர்கள்.

டிஸ்க் தெரிந்த பிறகு, பகுதிகளை அழிக்கும்போது டி டிரைவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் அதுவும் போகும், நிறுவனம் வைத்த ரெகவரி பகுதியும் போகும். நிறுவி முடிந்ததும் சிப்செட், சீரியல் ஐஓ, கிராபிக்ஸ், வைஃபை, ஆடியோ என்ற வரிசையில் டிரைவர் போடலாம்.

விண்டோஸ் 7 கேட்பவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம். அதன் நிறுவலில் யுஎஸ்பி 3-க்கும் என்விஎம்இ டிஸ்க்குக்கும் டிரைவர் இல்லை. கீபோர்டு, மவுஸ் எதுவும் அசையாமல் முதல் திரையிலேயே நிற்கும். முட்டி மோதி ஏற்றினாலும் கிராபிக்ஸ் டிரைவர் கிடைக்காது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது.

எங்கள் தொழிலில் இருக்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் எந்த மென்பொருளுக்காக மாற்றச் சொல்கிறார் என்று கேட்காமல் அழிக்காதீர்கள். அழிப்பதாக இருந்தால் முதலில் 32 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11-க்கான ரெகவரி டிரைவ் ஒன்று எடுங்கள். எச்பி, டெல், லெனோவா மூன்றும் தங்கள் தளத்திலேயே இதற்கான கருவியை வைத்திருக்கின்றன. விண்டோஸின் கீ பயாஸிலேயே இருப்பதால், பின்னாளில் 11-ஐ ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வாரண்டியில் கொடுக்கும்போது அசல் விண்டோஸைப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னாலும் அந்த ரெகவரி டிரைவ் கைகொடுக்கும். அந்தப் பென்டிரைவில் ஒரு முறை பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, மாடல் எண்ணை ஒட்டி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். விண்டோஸ் 10-இன் எந்தப் பதிப்பைப் போட்டீர்கள், பயாஸில் எதை மாற்றினீர்கள் என்பதை பில்லிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் தொழிலாளர்கள் சிலர்,
கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்.